முட்டி வலியும் 82 கிலோவும்

கேள்வி: வயது 49. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க நின்றபடிதான். உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. ஆறு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, கூடவே இடுப்பு வலி. எக்ஸ்ரே பார்த்து "தேய்மானம், எடையைக் குறையுங்கள்" என்றார்கள். போன மாதம் வைராக்கியமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் நடந்தேன். அடுத்த மூன்று நாள் வேலைக்கே போக முடியவில்லை. நரம்பு வலிக்கென்று பிரீகாபலின் மாத்திரை ஆரம்பித்த எட்டு மாதத்தில் நாலு கிலோ கூடிவிட்டது. நடந்தால் வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது. நான் என்னதான் செய்வது? முட்டிக்கு 'நீ கேப்' (இறுக்கமான முட்டி உறை) போடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: எடை குறைப்பதையும் நடப்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். முதலில் அதை அவிழ்ப்போம். அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் செலவாவது 100, மிஞ்சினால் 150 கலோரி. டீ பிரேக்கில் ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில்தான். அதனால் ஒரு வாரம் நடக்க முடியாமல் போனாலும் எடைக் குறைப்பு நின்றுவிடாது. நடையும் பயிற்சியும் முட்டியைத் தாங்கும் தசைக்காக, வலிக்காக, தூக்கத்துக்காக.

60 கிலோவுக்கு வர வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது. நீங்கள் நாலு கிலோ குறைத்தால் அடிக்கு 16 கிலோ. அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர் முட்டித் தேய்மானம் உள்ள 454 பேரை 18 மாதம் கவனித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு, பயிற்சி இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எடை சராசரியாகப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. வலி ஏறக்குறைய பாதியானது. உங்கள் கணக்கில் அது எட்டு கிலோ. ஒரு வருடத்தில் முடியக்கூடியதுதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நாள்பட்ட வலி உள்ளவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உடம்பு லேசாக இருக்கும் நாளில் பாக்கி வேலை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது, அப்புறம் மூன்று நாள் படுப்பது. படுத்த நாட்களில் தொடைத் தசை இளைக்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வலிக்கிறது. அன்று உங்கள் முட்டி கூடுதலாகத் தேய்ந்துவிடவில்லை. பழகாத அளவு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் வலித்துக்கொண்டிருக்கும்போது நரம்பு மண்டலம் சின்னச் சீண்டலுக்கும் பெரிதாகக் கத்தப் பழகிவிடுகிறது. வலி அதிகம் என்றால் சேதமும் அதிகம் என்று எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நடங்கள். எத்தனையாவது நிமிடத்தில் வலி ஏறத் தொடங்குகிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வலி குறைவான நாளிலும் அதே ஏழுதான், கொஞ்சம் கூடுதலான நாளிலும் ஏழுதான். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். "இன்னிக்கு நல்லா இருக்கே" என்று இருபது நிமிடம் போகத் தோன்றும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். நடக்கும்போது வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இரண்டு நிமிடம் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். தினமும் 10,000 அடி என்கிறார்களே, அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த அளவல்ல.

நடையைவிட உங்களுக்கு நான் முக்கியமாக நினைப்பது நாற்காலிப் பயிற்சி. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, மேலே ஒரு தலையணை வைத்து உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில். மார்பைச் சற்று முன்னே சாய்த்து, கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது, இறங்கும் அந்த மூன்று எண்ணில்தான் தொடைக்கு நல்ல வேலை. ஐந்து தடவை போதும், ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடலாம். கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குக் கீழே நாலு விரல் உயரத்தில் ஒரு பலகை போட்டு, ஒரு காலை அதில் வைத்து மாற்றி மாற்றி நில்லுங்கள், இடுப்பு கொஞ்சம் ஆறும். சூப்பர்வைசரிடம் ஒரு ஸ்டூலும் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம், தசையும் சேர்ந்து கரையும். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி. அடுத்தது எண்ணெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, மாதத் தொடக்கத்திலேயே தனி டப்பாவில் ஊற்றி வையுங்கள். மாதம் முடியும் முன் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். மதியம் சோறு ஒரு கரண்டி குறையட்டும், அந்த இடத்துக்குச் சுண்டலோ முட்டையோ மீனோ பொரியலோ வரட்டும். இரவு தோசை நாலு என்பது இரண்டாகி, சாம்பார் கெட்டியாகட்டும்.

பிரீகாபலின் பற்றி நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். அது எடை கூட்டக்கூடிய மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் இன்னொரு மாத்திரையான அமிட்ரிப்டிலினும் அப்படியே. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் இந்த நாலு கிலோவைச் சொல்லி, குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். அப்படியே தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் தரும் மூட்டுவலி மாத்திரை பக்கம் போகாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, முகம் ஊதி எடை ஏறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசி, முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களுக்கு எடையோடு வலியையும் குறைத்ததாக 2024-ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் விலை அதிகம், வாந்தி, குமட்டல் உண்டு. ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்தும் எடை அசையாவிட்டால் அதைப் பற்றிப் பேசலாம்.

கால் மரத்து பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, முட்டி சிவந்து சூடாகி வீங்கினாலோ, முயற்சி செய்யாமலே எடை இறங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நீ கேப் போடலாம். வேலை நேரத்தில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். இரவில் வேண்டாம். கழற்றிய பிறகு தோலில் ஆழமாகத் தடம் பதிந்திருந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.