காய்ந்த கொடியில் புது இனம் தேடும் மகள்: குடியாத்தம் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, பி.எஸ்சி. தாவரவியல் முடிக்கும் மகள் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில்) உட்கார்ந்து புதுக் கொடிகளைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்வதும், பி.எட். பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பதும் உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. பெண் சொல்வது வெறும் கனவில்லை. யாரோ எப்போதோ பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய செடி, பெயர் கிடைக்காமல் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடப்பது சாதாரணம். வெப்பமண்டலச் செடி மாதிரிகளில் பாதிக்கும் மேல் தப்பான பெயரோடு இருக்கலாம் என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது.

கொடிகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். மர உச்சிக்கு ஏறித்தான் பல கொடிகள் பூக்கும். கீழே நிற்பவர் கைக்கு எட்டுவது வெறும் இலை. அந்த இலையும் இளங்கொடியில் ஒரு மாதிரி, முதிர்ந்ததில் வேறு மாதிரி. வேறொருவர் வேறொரு வருடம் பூவோடு கொண்டுவந்த ஷீட்டை அதனுடன் சேர்த்துவைத்து, காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் வெளிவரும்.

சரி, சம்பளம்? இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மகளைப் பொதுத் தாவரவியலில் எம்.எஸ்சி. சேர்த்துவிடுங்கள். அடுத்து, தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். ஆனால் அந்தத் தேர்வுப் பாடத்திட்டத்தின் 13 அலகுகளில், இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் ஓர் அலகில் ஒரு பங்குதான். மூலக்கூறு உயிரியலையும் உயிர்வேதியியலையும் விரட்டிப் படிக்காமல் முடியாது. செடிப் பிரியர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். அதே எம்.எஸ்சி.யோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம், பி.எட். அப்புறமும் படிக்கலாம்.

விடுமுறையில் காட்பாடியில் ரயிலேறி, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தை முன்அனுமதி வாங்கிப் பார்த்து வாருங்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை: வேலிப்பருத்தி, முசுமுசுக்கை, பிரண்டை என்று ஊர் வேலியில் கிடைக்கும் பத்துக் கொடிகளை நியூஸ் பேப்பரில் அழுத்தி, தினமும் தாள் மாற்றி, இடம், தேதி, பூவின் நிறம் எழுதச் சொல்லுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் அன்றே எழுத வேண்டும். பத்தாவது கொடிக்கும் லேபிள் ஒழுங்காக இருந்தால் எம்.எஸ்சி. விண்ணப்பம் போடுங்கள். நாலாவதிலேயே அலுத்துவிட்டால் பி.எட். பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.