60 பேர் வகுப்புக்கு வெபினார் எதற்கு?

கேள்வி: கொளத்தூரில் சின்னதாக வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். பைட்டர், கப்பி வளர்ப்பது பற்றி மாதம் 2 ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். ஆளுக்கு 200 ரூபாய், 60 பேர் வரை வருகிறார்கள். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கட்டாகிவிடுகிறது. வெபினார் மென்பொருள் வாங்குங்கள் என்று ஒருவர் வருடச் சந்தா கேட்கிறார். கட்டுப்படியாகிற மாதிரி எதை வாங்கலாம்?

பதில்: வருடச் சந்தாவுக்கு இப்போது தலையாட்டாதீர்கள். உங்களுக்கு வெபினாரே தேவையில்லை என்பது என் கணிப்பு.

ஜூமில் மீட்டிங்கும் வெபினாரும் வேறு வேறு சரக்கு, விலையும் வேறு. மீட்டிங்கில் எல்லோர் முகமும் தெரியும், யாரும் மைக்கைத் திறந்து பேசலாம். வெபினாரில் நீங்கள் மேடையில், மற்றவர்கள் இருட்டில். கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும், பேச வேண்டுமென்றால் நீங்கள் அனுமதித்தால்தான் உண்டு. பதிவுப் படிவம், நினைவூட்டும் மெயில் எல்லாம் சேர்ந்து வரும். 300, 500 பேர் திரளும் இடத்தில் அது சரி. உங்களிடம் வருபவர்களோ, "அண்ணா, இந்த மீன் மூலையிலேயே கிடக்குது, என்னன்னு பாருங்க" என்று தொட்டியைக் கேமராவில் காட்டுகிறவர்கள். அவர்கள் வாயை அடைக்கக் கூடுதல் பணம் கொடுப்பானேன்? சத்தம்தான் தொல்லை என்றால் 'மியூட் ஆல்' அழுத்தும்போது, அவரவரே மைக்கைத் திறக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கை தூக்குபவரை மட்டும் பேச விடலாம். பதிவுக்குக் கூகுள் பார்ம், நினைவூட்ட வாட்ஸ்அப் குரூப். மெயிலை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இலவசத்திலேயே ஓட்ட முடியுமா என்றால், கூகுள் மீட்டில் 100 பேர், 60 நிமிடம் கிடைக்கும். ஆனால் ரெக்கார்டிங் கிடையாது. யூடியூப் லைவுக்கு நேர வரம்பு இந்த அளவுக்கு இறுக்கமில்லை. 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் லிங்க் உள்ளவர்தான் பார்க்க முடியும். முதன்முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், போனிலிருந்து போவதற்கு 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். காசு வாங்கி எடுக்கும் வகுப்புக்கு அது எனக்குச் சரிப்படவில்லை. ஒருவர் லிங்கை நாலு குரூப்பில் போட்டால் போச்சு. நீங்கள் சொல்வதும் அவர்களுக்குச் சில நொடி தாமதமாகத்தான் போகும், கேள்வி பதில் சுவைக்காது. விளம்பரத்துக்கு ஓர் இலவச வகுப்பு என்றால் தாராளமாக யூடியூபில் போடுங்கள்.

ஆக, ஜூமின் ப்ரோ கணக்கை ஒரே ஒரு மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். 100 பேர் வரை தாங்கும், 40 நிமிடத் தடை போய்விடும். இலவசக் கணக்கில் கம்ப்யூட்டரில் மட்டும் முடிகிற ரெக்கார்டிங்கைப் போனிலிருந்தே செய்யலாம். உங்கள் மாத வரவு 24,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்குக்குள் செலவு அடங்கிவிடும். நம்மூர் ஜோஹோவிலும் மீட்டிங், வெபினார் இரண்டும் உண்டு. ரூபாயிலேயே கட்டலாம் என்பதால், டாலரில் கட்டும்போது வங்கி பிடிக்கிற கூடுதல் தொகை மிச்சம்.

விலையைப் பார்க்கும்போது 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருந்தால் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் ஆட்டோ டெபிட். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரும், அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். நானும் ஒருமுறை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வருடச் சந்தா கட்டினேன். நாலு மாதம்தான் வகுப்பு நடந்தது.

மென்பொருளைவிட உங்கள் வகுப்பைக் கெடுக்கப் போவது ஏர் பம்ப். கடைக்குள் உட்கார்ந்தால் அந்த 'கொர்ர்' சத்தத்தை ஜூம் வடிகட்டப் பார்க்கும், கூடவே உங்கள் குரலையும் கடித்துத் துப்பும். பைட்டருக்குப் பம்ப் வேண்டாம், மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அதை ஒரு ஜாடியில் விட்டு, பம்ப் ஓடாத அறைக்குக் கொண்டுபோய்ப் பாடம் எடுங்கள். கையில் பிடித்துக் காட்டுவதாக இருந்தால் விர்ச்சுவல் பேக்கிரவுண்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜாடியோடு மீனும் மாயமாகும்.

ஆண் மீன் கட்டும் நுரைக் கூட்டைக் காட்ட இன்னொரு போன் போதும். அதையும் அதே மீட்டிங்கில் சேர்த்து, பின் கேமராவை ஜாடிக்கு மேலே செங்குத்தாக நிறுத்தி, 'ஸ்பாட்லைட்' (எல்லோர் திரையிலும் அதையே பெரிதாகக் காட்டும் வசதி) கொடுங்கள். அந்த போனில் ஆடியோவை இணைக்கவே கூடாது, இணைத்தால் எதிரொலி காதைக் கிழிக்கும். கண்ணாடியில் டியூப்லைட் அடித்தால் அதை அணைத்துவிட்டு, போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். இந்த இரண்டாவது போனையே கோ-ஹோஸ்ட் (துணை நடத்துநர்) ஆக்கி, வேறு சிம்மின் டேட்டாவில் வைத்தால், ஐப்பசி மழையில் கரண்டோ கேபிளோ போனாலும் 60 பேரும் வெளியே விழமாட்டார்கள்.