பின்னால் எழுதியது எங்கே?

கேள்வி: பத்து வருடங்களாக பேஸ்புக்கில் நான் எழுதியதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகப் படித்தேன். வெட்கமாகிவிட்டது. 2016இல் மெட்ரோவுக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டபோது, 'இந்த ரயில் யாருக்கு?' என்று பொரிந்திருக்கிறேன். இன்று அதே ரயிலில் திருவொற்றியூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மணலிப் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். 2017இல் எண்ணூர் கடலில் எண்ணெய் கொட்டியபோது தினமும் ஆவேசமாக எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் சின்னப் பையன் எழுதியதுபோல் இருக்கிறது. இப்போது பக்குவம் வந்துவிட்டது, எதிலும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன். முன்னுக்குப் பின் முரண் என்று யாராவது எடுத்துக்காட்டுவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? சில பதிவுகளை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர், புதுவண்ணாரப்பேட்டை.

பதில்: நகல்களை இணைத்தது உங்கள் தவறு ஐயா. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

மெட்ரோ விஷயத்தில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 2016இல் எழுதியவர் தூசி தின்றவர். தெரு முழுக்கத் தகரத் தடுப்பு. கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். அன்றைய தூசியும் மெய், இன்றைய ரயிலும் மெய். ரயில் வந்த பிறகும் தூசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால்தான் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன்.

கருத்து மாறுவதைப் பற்றி எனக்கும் அனுபவம் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா? அடுத்த இதழில் இதே பக்கத்தில், 'கறுப்புப் பணத்தின் முதுகெலும்பு முறிந்தது' என்று எழுதியவன் நான். எழுதிய வாரமே காசிமேட்டுக்குப் போனேன். விடியற்காலை ஏலம். கூடை கூடையாக மீன் வாங்கி வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள், இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்ட, ஏலக்காரர் கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் வெறும் கூடையோடு திரும்பிப் போனார். 2018இல் ரிசர்வ் வங்கியே கணக்குச் சொல்லிவிட்டது: செல்லாது என்று அறிவித்த நோட்டுகளின் மதிப்பில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாம். நான் எழுதியதோ இன்னும் அப்படியே இருக்கிறது. அலுவலகத்தில் அந்த ஆண்டின் பைண்டு வால்யூம் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. அட்டையை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது, என்னுடைய அந்தப் பக்கத்தை மட்டும் ஏனோ தொடவில்லை. உங்களுக்கு அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அச்சில் ஏறியவனுக்கு அது கிடையாது. மறுப்பு எழுதினேன், அதுவும் அதே வால்யூமில் நாற்பது பக்கம் தள்ளி இருக்கிறது.

முரண்பாட்டுக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் காந்தியிடம்தான் ஒதுங்குவார்கள். 1933 ஏப்ரல் 29 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதியது இதுதான்: தம்முடைய இரண்டு எழுத்துகளுக்கிடையே முரண் தெரிந்தால், தமக்குப் புத்தி சுவாதீனம் இருக்கிறது என்ற நம்பிக்கை வாசகருக்கு இன்னும் மிச்சமிருந்தால், அதே விஷயத்தைப் பற்றிப் பின்னால் எழுதியதை எடுத்துக்கொள்ளட்டும். வசதியான வாக்கியம். ஆனால் பின்னால் எழுதியது என்று ஒன்று இருந்தால்தான் அது உதவும்.

உங்கள் எண்ணூர் விஷயம் இங்கேதான் இடிக்கிறது.

2017 ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய பாதிப்பு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு தார்போல் எண்ணெய்க் கசடு கரை ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளியில் அள்ளினார்கள். நீங்களும் எர்ணாவூர்ப் பக்கம் போய் அள்ளியிருக்கிறீர்கள். அன்றிரவு நீங்கள் எழுதியதை உங்கள் நகலிலிருந்தே தருகிறேன்: 'மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கையில் நாற்றம் போகவில்லை. அம்மா எனக்குச் சோற்றை ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள்.' இதையா சின்னப் பையன் எழுதியது என்கிறீர்கள்? நீங்கள் அனுப்பிய கட்டிலேயே உருப்படியான இரண்டு வாக்கியங்கள் இவைதான்.

2023 டிசம்பர் நகலைப் புரட்டினேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி வேர் என்று எல்லாம் கறுத்தது. மறுபடி வாளிதான். அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதத்தில் நீங்கள் இரண்டு பதிவு போட்டிருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. இன்னொன்று, ஒரு பிரியாணிக் கடை.

கருத்து மாறியிருந்தால், 'ஆலைகள் இல்லாமல் வட சென்னைக்குச் சோறு ஏது? 2017இல் நான் நினைத்தது தவறு' என்று எழுதியிருப்பீர்கள். நான் சண்டைக்கு வந்திருப்பேன், அது வேறு. நீங்கள் எழுதவே இல்லை. இரண்டு பக்கத்தையும் பார்ப்பவர் இரண்டையும் பற்றி இரண்டு வரியாவது எழுதுவார். மணலியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆலைகளைப் பற்றி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். வேலைக்காக வாயை மூடிக்கொள்கிறவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். என் அப்பா முப்பது வருடம் அப்படித்தான் இருந்தார். ஆனால் அவர் அதற்குப் பக்குவம் என்று பெயர் வைக்கவில்லை. 'வயிறு' என்று சொல்வார்.

அழிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2014இல், உங்களோடு படித்தவர் திறந்த செல்போன் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துப் பிழையைப் படம் பிடித்துப் போட்டு, ஊரே சிரிக்க வைத்திருக்கிறீர்கள். கீழே அவரே வந்து, 'மாற்றிவிடுகிறேன்டா' என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதிவைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை கூட இல்லை. இன்றே எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் கடைக்கு ஒரு நடை போய், அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

மற்றவை இருக்கட்டும். வாளிப் பதிவுக்குக் கீழே மட்டும் இன்றைய தேதி போட்டு, இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். ஆலைக்கு ஆதரவாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பெயரோடு அனுப்பினால் அடுத்த இதழிலேயே வரும்.