‘என்ன கத்துக்கிட்ட?’ என்று கேட்டால் பதில் வராது

கோடை விடுமுறையில் விண்வெளி முகாம்களுக்குப் போய்வந்த 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஐந்து நாள் முகாமுக்குப் போய்வந்தாள். ‘என்ன கத்துக்கிட்ட?’ என்றால் ‘ராக்கெட் விட்டோம், ஜாலியா இருந்துச்சு’ என்பதோடு சரி. கட்டிய பணம் வீண்தானா?
– வாசகி, திண்டுக்கல்

வீணில்லை. கேள்வி அவளுக்குப் பெரிதாக இருக்கிறது. பன்னிரண்டு வயதில் செய்ததைச் சொல்ல வரும். அதற்குள் இருக்கும் திறனைத் தனியே பிரித்துப் பெயர் சொல்ல வராது. ஆகவே திறனைப் பற்றி எதுவும் கேட்காமல், அவள் கொண்டுவந்த தண்ணீர் ராக்கெட்டை (பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயைக் கார்க்கால் அடைத்து, பம்பால் காற்றடித்துக் கிளப்புவது) மேசைமேல் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே கேளுங்கள். ‘முதல் தடவை விட்டப்ப என்ன ஆச்சு?’ ‘அடுத்த தடவைக்கு முன்னாடி எதை மாத்துனீங்க?’ ‘ஏன் அதை மாத்தணும்னு தோணுச்சு?’ ‘அதை மாத்தினதாலதான் சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?’ இந்த நான்கும் இதே வரிசையில் வரட்டும். நான்காவது கேள்விக்கு அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

‘தண்ணியைக் குறைச்சோம், தூரமா போச்சு’ என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 மி.லி. அளவில் தண்ணீர் இருந்தால் நன்றாகப் போகும். அதைவிட அதிகமானால் காற்றை அழுத்தி வைக்க இடம் குறைகிறது, எடையும் கூடுகிறது. மிகக் குறைந்தால் உந்துவதற்குத் தண்ணீர் சட்டென்று தீர்ந்துவிடும். அவள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனாலும், ‘கார்க்கை ரெண்டு தடவையும் ஒரே அளவாவா அழுத்துனீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கார்க் வைத்து விடும் ராக்கெட்டில் எத்தனை தடவை பம்ப் அடித்தோம் என்பது முக்கியமல்ல. கார்க் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அழுத்தம் ஏறிய பிறகுதான் அது பிடுங்கிக்கொண்டு கிளம்பும். இரண்டாம் தடவை கார்க்கை இன்னும் ஆழமாகச் செருகியிருந்தால், தூரம் கூடியதற்குத் தண்ணீர் காரணமா, கார்க் காரணமா என்று சொல்லவே முடியாது.

‘அட, ரெண்டையும் மாத்திட்டோமே’ என்று அவளே சொல்லும் அந்த நேரத்தில் பெயரைச் சொல்லுங்கள்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முதலிலேயே பெயரைக் கொடுத்துவிட்டால் பரீட்சை விடைபோல அதை ஒப்பிப்பாள். இந்த ஒரு திறன் பிடிபட்டால்கூட ஐந்து நாளுக்கு அது நிறைவான பலன் என்பேன்.

பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறேன். கடைசி நாள் கருத்துப் படிவம் கொடுத்தால் ‘சூப்பர்’, ‘பயனுள்ளதாக இருந்தது’ என்றே எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?
– அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில் பிள்ளைகள் மனம் வேனில் ஏறிவிட்டிருக்கும். அப்போது எழுதச் சொன்னால் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு நாளும் செய்முறை முடிந்ததும், சாமான்களை எடுத்து வைப்பதற்கு முன், 12 நிமிடம் ஒதுக்குங்கள். உடைந்த இறக்கையும் நனைந்த கார்க்கும் கண்முன் இருக்க வேண்டும். அவைதான் நினைவைக் கிளறும்.

நோட்டில் இடப்பக்கம் செய்முறை நடக்கும்போதே நிரப்புவதற்கு: தடவை எண், என்ன மாற்றினோம், என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது. ‘நினைத்தோம்’ என்பதை ராக்கெட்டை விடுவதற்கு முன்பே பேனாவால் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்ததைப் பார்த்துவிட்டு ‘நான் இப்படித்தான் நினைச்சேன்’ என்று எழுதுவது எல்லா வயதிலும் உண்டு. வலப்பக்கம் அந்த 12 நிமிடத்துக்கு. முதல் மூன்று நிமிடம் தனியாக எழுதட்டும், அடுத்த ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பேசட்டும், மீதி நேரத்தில் கேட்டதில் ஒன்றைச் சேர்க்கவோ திருத்தவோ செய்யட்டும். வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கொடுங்கள்: ‘இன்று நாங்கள் சிக்கிக்கொண்ட இடம்…’, ‘அதிலிருந்து வெளியே வந்தது எப்படியென்றால்…’, ‘என் குழுவில் ஒருவர் சொன்னதால் நான் மாற்றிக்கொண்டது…’.

குழுப்பணி, சிந்தனைத்திறன், தலைமைப்பண்பு என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். அப்படியே காப்பி அடிப்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம், எல்லாம் ஐந்தாகத்தான் வரும். ‘குழுவாக வேலை செய்தோம்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், ‘எந்த நேரத்தில்? யார் என்ன சொன்னார்?’ என்று ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். கடைசி நாளில் படிவத்துக்குப் பதிலாக, நோட்டைப் புரட்டித் தனக்கு முக்கியமான ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஏன் அந்தப் பக்கம் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

என் மகனின் ராக்கெட் மட்டும் கிளம்பிய உடனே சுற்றிச் சுழன்று விழுந்ததாம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். விட்டுவிடலாமா?
– வாசகர், விழுப்புரம்

ஒரு நாள் விடுங்கள், அதற்குமேல் வேண்டாம். ‘பரவாயில்லப்பா’ என்று மூடிவிட்டால், தன்னால் முடியாது என்ற முடிவு மட்டும் மனதில் தங்கிவிடும். காரணம் ராக்கெட்டில் இருக்கிறது, அவனிடம் இல்லை என்பதை அவன் கையாலேயே கண்டுபிடிக்கட்டும்.

சுழன்று விழுந்தால் பெரும்பாலும் மூக்குப் பக்கம் எடை போதவில்லை என்று பொருள். எடையின் மையம் இறக்கைப் பக்கம் இருந்தால் ராக்கெட் நேராக நிற்காது. சோதிப்பது எளிது. பாட்டிலைக் காலியாக்கி, விரல்மேல் சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இரண்டு மீட்டர் கயிற்றைக் கட்டி டேப்பால் ஒட்டுங்கள். திறந்த இடத்தில் தலைக்குமேல் சுற்றச் சொல்லுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி பறந்தால் சரி. வால் முன்னே வந்தாலோ குறுக்கே புரண்டாலோ, மூக்கில் நெல்லிக்காய் அளவு களிமண் வைத்து, சமநிலைப் புள்ளியை மீண்டும் பார்த்து, கயிற்றை அங்கே மாற்றிக் கட்டிச் சுற்றட்டும். அதுவும் போதாவிட்டால் இறக்கைகளைப் பாருங்கள். நனைந்த அட்டை வளைந்திருக்கும். (மறுபடி விடுவதானால் கூடவே இருங்கள். சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டிலாகவே இருக்கட்டும், மெல்லிய தண்ணீர் பாட்டில் வெடிக்கும். பம்பில் அளவுமானி இருந்தால் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.-க்குமேல் போக வேண்டாம். கிளம்பாத ராக்கெட்டின்மேல் யாரும் குனியக் கூடாது.)

உங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 விண்கலத்தின் விக்ரம் லேண்டர் (தரையிறங்கும் பகுதி) நிலவில் மோதி நொறுங்கியது. அதன்பின் இஸ்ரோ, எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று முதலில் எழுதிவைத்து, அவற்றைத் தாங்கும்படி அடுத்த லேண்டரை, அதாவது சந்திரயான்-3-இன் லேண்டரை, வடிவமைத்தது. கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த இறங்குமிடத்தைச் சுமார் 4 கி.மீ. நீளம், இரண்டரை கி.மீ. அகலத்துக்கு விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ஆறுதலாகச் சொல்லி முடித்துவிடாமல், ‘உன் ராக்கெட்ல எதெல்லாம் தப்பாப் போகலாம், ஒரு லிஸ்ட் போடு’ என்று தாளை நீட்டுங்கள்.

முகாமில் கொடுத்த தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிள்ளை தமிழில் எழுதினால் போதுமா?
– வாசகி, காரைக்குடி

தாராளமாகப் போதும். எழுதவே தயங்கினால் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும்.

மகள் முகாமில் கற்றது நிலைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஈரோடு

இரண்டு மூன்று வாரம் கழித்து, ராக்கெட்டோடு சம்பந்தமில்லாத சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். தாள் ஹெலிகாப்டர் (தாளில் இரண்டு இறக்கை மடித்து, கீழே கிளிப் மாட்டி விட்டால் சுழன்றபடி இறங்குவது) நல்லது. ஒன்றுக்கு இறக்கை 6 செ.மீ., இன்னொன்றுக்கு 9 செ.மீ., இரண்டுக்கும் ஒரே தாள், ஒரே பேப்பர் கிளிப். எது மெதுவாக இறங்கும் என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். முன்கூட்டியே எழுதிவைக்கிறாளா, ஒரே உயரத்திலிருந்து விடுகிறாளா, ஒரு தடவையோடு நிறுத்தாமல் மூன்று தடவையாவது பார்க்கிறாளா என்று கவனியுங்கள். தலையுயரத்திலிருந்து விட்டால் ஓரிரு நொடியில் தரைக்கு வந்துவிடும். ஸ்டாப்வாட்சை அமுக்கும் கை தாமதமே கால் நொடி இருக்கும். அந்த நேரத்தை நம்ப முடியாது என்று அவளுக்கே சந்தேகம் வந்து, இரண்டையும் ஒன்றாக விட்டுப் பார்க்கலாம் என்றோ, மாடிப்படியிலிருந்து விடலாம் என்றோ சொன்னால், முகாமில் கற்றது கையோடு வந்திருக்கிறது. சொல்லாவிட்டால் முகாம் நோட்டை எடுத்து வரச் சொல்லி, ‘அன்னைக்கு ராக்கெட்டுக்கு எப்படிப் பார்த்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள்.