டிரம்ஸ் அமுங்குவதற்குக் காரணம் 'லவுட்' லெவல்

ஸ்பாட்டிஃபையில் வால்யூம் நார்மலைசேஷன் (எல்லாப் பாட்டுகளையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி) போட்டதும் பழைய பாட்டுகளில் டிரம்ஸ் அமுங்குகிறது என்கிறீர்கள். அதை அணைக்க வேண்டாம், செட்டிங்ஸில் வால்யூம் லெவல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். 'லவுட்' என்றால் இலக்கு -11 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அளவு; 0-ஐ நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). மெல்லிய சத்தத்தில் மாஸ்டர் செய்த (வெளியீட்டுக்கு இறுதியாகத் தயாரித்த) பாட்டை அந்த அளவுக்குத் தூக்கினால் அதன் உச்சங்கள் மேல் எல்லையில் முட்டும். உடனே லிமிட்டர் (எல்லையைத் தாண்டும் உச்சங்களை அமுக்கும் கருவி) புகுந்து அடியின் கூர்மையை மழுக்கிவிடும். 'நார்மல்' (-14) அப்படியல்ல. சத்தமான பாட்டைக் குறைக்கும். மெல்லிய பாட்டையும் உச்சத்துக்கு மேல் 1 டெசிபல் இடம் விட்டே ஏற்றும், லிமிட்டர் வேலை செய்யாது. அதற்கு மாற்றிவிட்டு, குறையும் சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும்! ஆல்பத்தை ஷஃபிள் இல்லாமல் ஓட்டினால் பாட்டுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கமும் அப்படியே கிடைக்கும்.