பனியில் வண்டியை நிறுத்தத் தெரிய வேண்டும், தம்பி

தம்பி, செப்டம்பரில் குடும்பத்தோடு மாண்ட்ரியல் வருவதாக எழுதியிருந்தீர்கள். புதுச்சேரியில் பல வருஷம் கார் ஓட்டிய கை, அதனால் பயமில்லை, ஆனால் பனிக்கு என்ன தயார் செய்ய வேண்டும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக வாங்கிவிட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறைக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேரம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. நாலு சக்கரமும் இழுத்தால் பனியில் கிளம்புவதும் மேடு ஏறுவதும் சுலபம்தான். ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிறுத்துகிற விஷயத்தில் விலை உயர்ந்த வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது. பனியில் விபத்து பெரும்பாலும் நிற்க முடியாமல்தான் நடக்கிறது. வண்டி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சப்படுத்திய பணத்தை டயரில் போடுங்கள்.

சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துவிடும், அப்புறம் ரோட்டைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னால் மட்டும் மாற்றினால் திருப்பத்தில் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். காற்றையும் அடிக்கடி பாருங்கள். ஐந்தாறு டிகிரி குளிர் கூடினாலே சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கிவிடும்.

பேட்டரி மைனஸ் 18ல் கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்துவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாவதால் இஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். பழைய பேட்டரி என்றால் அக்டோபரிலேயே சோதித்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் இங்கே குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறோமே, அங்கே அது உறைந்து தொட்டியே விரிசல் விடும். மைனஸ் 40 வரை உறையாத திரவம் கேன் கேனாகக் கிடைக்கும், டிக்கியில் எப்போதும் ஒன்று இருக்கட்டும். முன்னால் போகும் லாரி வாரி இறைக்கும் உப்புச் சேற்றில் கண்ணாடி நிமிஷத்துக்கு ஒருமுறை வெளுத்துப் போகும். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தையும் அரிக்கும், அதனால் குளிர்காலத்திலும் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும். டிக்கியில் சின்ன மண்வாரி, ஒரு பை மணல், ஜம்பர் கேபிள், கம்பளி, டார்ச், தின்ன ஏதாவது. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

காலையில் கிளம்பும்போது பார்ப்பதற்கு மட்டும் கண்ணாடியை மூடிய பனியில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூரைமேல் இருக்கும் பனியையும் தள்ளுங்கள், பிரேக் போட்டதும் அது மொத்தமாகச் சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும். அவசரத்தில் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் பின்னால் இருக்கும் புகைக்குழாய். அது பனியில் புதைந்திருக்கும்போது இஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். வாசனையே இருக்காது, ஆளைக் கொன்றுவிடும். குழந்தையைச் சூடாக இருக்கட்டும் என்று உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியே பனி தள்ளும் வழக்கம் பலருக்கு உண்டு. குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். கடலூர்–பாண்டி ரோட்டில் தனியார் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போன பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காய்ந்த ரோட்டில் விடும் இடைவெளியைப் போல மூன்று மடங்காவது பனியில் விட வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது பெடல் காலடியில் கடகடவென்று அதிரும், கீழே ஏதோ அரைபடுவதுபோல் சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து புதியவர்கள் காலை எடுத்துவிடுகிறார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் திருப்புங்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கம் கண்ணை வையுங்கள், கையும் அங்கேதான் போகும். முதல் பனி விழுந்ததும் ஆளில்லாத பார்க்கிங் மைதானத்தில் மெதுவாக இதையெல்லாம் பழகிப் பாருங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் பனியில் வேண்டவே வேண்டாம்.

மாண்ட்ரியல் ஒரு தீவு, வெளியே போக பெரும்பாலும் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். பாலத்துக்குக் கீழேயும் காற்று அடிப்பதால் ரோடு ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும். கண்ணாடி போன்ற அந்த ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பரில் மாலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வேலை விட்டு வரும் நேரத்தில் இன்னும் கவனம் தேவை.

பனியைவிட மோசமானது உறைமழை. மழையாக விழுந்து தரையைத் தொட்டதும் ஐஸாகிவிடும். 1998 ஜனவரியில் கியூபெக்கில் அப்படிப் பெய்த மழையில் மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டால் நம் மீனவர்கள் படகை இறக்குவதில்லை, அப்படித்தான் உறைமழை எச்சரிக்கையும். விண்டர் டயரே ஆனாலும் அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம். வேலைக்குப் போக முடியவில்லை என்று சொல்லுங்கள், அங்கே அதைப் புரிந்துகொள்வார்கள்.

தெருவில் நிறுத்தும் வண்டியென்றால் ஆரஞ்சு நிறப் பலகையைக் கவனியுங்கள். அன்று பனி அள்ள வருவார்கள். இழுவை வண்டி முதலில் தெருவில் சைரன் ஊதிக்கொண்டு வரும், அது கேட்டதும் ஓடிப்போய் வண்டியை நகர்த்துங்கள்.

குழந்தையைக் கார் சீட்டில் உட்கார வைக்கும்போது தடித்த குளிர்கோட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள். இடித்தால் கோட்டு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். போர்வையைப் பெல்ட்டுக்கு மேலே போர்த்தினால் போதும்.

வண்டி வாங்கியதும் டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நவம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் டயர் கடைக்கு வருவார்கள், இடமே கிடைக்காது. அக்டோபரிலேயே உங்களுக்கு நாள் வாங்கி வைத்துவிடுகிறேன்.