கணிதக் கலைச்சொற்களில் ஹைபன் போட வேண்டுமா?

கேள்வி இது: கணிதப் பாடங்களைத் தமிழில் எழுதும்போது, ஆங்கிலத்தில் ஹைபன் வரும் இடங்களிலெல்லாம் நாமும் 'இரண்டாம்-வரிசை', 'இருசம-பக்க' என்று கோடு போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இரண்டு சொற்கள் சேர்ந்து அடுத்த சொல்லுக்கு அடையாக நிற்பதை ஆங்கிலத்தில் ஹைபன் காட்டுகிறது. தமிழில் சேர்த்தெழுதுவதும் ஒற்றும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

'இருசமபக்க முக்கோணங்கள்' என்றால் இரண்டு பக்கங்கள் சமமாக உள்ள முக்கோணங்கள். 'இரு சமபக்க முக்கோணங்கள்' என்று ஓர் இடைவெளி விட்டால் மூன்று பக்கமும் சமமான, ஒவ்வொரு கோணமும் 60 பாகையான இரண்டு முக்கோணங்கள். வினாத்தாளில் இந்த ஒரு இடைவெளி கணக்கையே மாற்றிவிடும். ஆகவே அடையைச் சேர்த்து எழுதுங்கள், அந்த அடை விளக்கும் தலைச்சொல்லைப் பிரித்து எழுதுங்கள்.

எண்ணடைகளில் கோடு போடவே முடியாது. மூன்று என்பது முக்கோணத்தில் 'மு', மூவுறுப்பில் 'மூ'. இரண்டு என்பது இருபடியில் 'இரு', உயிரெழுத்துக்கு முன் 'ஈர்', அதனால்தான் ஈருறுப்பு. புணர்ந்துவிட்ட சொல்லைக் கோட்டால் அறுத்தால் 'மு-கோணம்' மாதிரி ஒன்றுமில்லாத துண்டுதான் மிஞ்சும். 'பல்லுறுப்புக்-கோவை' என்று ஒற்றையும் கோட்டையும் சேர்த்துப் போடுவதும் தவறு. 'க்' ஏற்கெனவே பிணைத்துவிட்டது. மின்னூலில் தேடும்போதும் கோடு உள்ளதும் இல்லாததும் பொதுவாக வேறு வேறு சொல்லாகிவிடும்.

கோடு எங்கே வரும்? நான் வைத்திருக்கும் சோதனை இலக்கணத்திலேயே இருக்கிறது: நடுவில் 'உம்' போட்டுப் பாருங்கள். அமிலமும் காரமும், அதனால் அமில-கார வினை. இப்படி 'உம்' மறைந்து நிற்கும் உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒற்று இல்லாத அந்த இடத்தில் கோடு உதவுகிறது. 'இரண்டாமும் வரிசையும்' என்று சொல்ல முடியாது, ஆகவே 'இரண்டாம்வரிசைச் சமன்பாடு' என்று எழுதுங்கள். பட்டியலில் அடுத்து வருவதைச் சொல்ல 'இரண்டாவது' என்பதை ஒதுக்கிக்கொண்டால் 'இரண்டாவது முதல்வரிசைச் சமன்பாடு' என்றுகூடக் குழப்பமில்லாமல் எழுதலாம்.

பெயர்களுக்கும் இதே சோதனைதான். கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தில் இருப்பவர்கள் இருவர், அங்கே சற்று நீண்ட கோடு, யூனிகோடு எண் 2013. லெவி-சிவிட்டா ஒரே ஆள், ஆகவே குறுங்கோடு. பிர்ச்–ஸ்வின்னர்டன்-டையர் அனுமானத்தில் இரண்டும் வரும்: ஆட்கள் இருவர், அவர்களில் ஒருவருடைய குடும்பப்பெயரே இரட்டைப்பெயர். விண்டோஸில் நீண்ட கோட்டுக்கு ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண்பலகையில் 0150 தட்டுங்கள்.

குறியீட்டோடு விகுதி சேரும்போதும் கோடு தேவை: கே-ஆவது உறுப்பு, கே-இன் மதிப்பு. கே−1 என்றால் அடைப்புக்குறி கட்டாயம், (கே−1)-ஆவது. இல்லாவிட்டால் கோடும் கழித்தல் குறியும் ஒன்றாகத் தெரியும். லேடெக் என்ற கணித அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுவோர், கணிதப் பகுதியை அடைக்கும் டாலர் குறியை மூடிய பிறகே கோடு போடுங்கள். உள்ளே போட்டால் அது கழித்தல் குறியாக அகன்று அச்சாகும். இணையப் பக்கத்தில் 'கே-' ஒரு வரியிலும் 'ஆவது' அடுத்த வரியிலும் போய் விழுவதைத் தடுக்க, உடையாத ஹைபனை, எண் 2011, பயன்படுத்தலாம். ஆனால் சில தமிழ் எழுத்துருக்களில் அது இருக்காது, வேறு எழுத்துருவின் கோடு வந்து ஒட்டாமல் நிற்கும். ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

சேர்த்தெழுதுவதும் ஒற்றும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: 'பூச்சியமற்ற கோவை அணி'. அணி என்பது வரிவரியாக அடுக்கிய எண்கள், கோவை என்பது இங்கே அந்த எண்களிலிருந்து கணக்கிடும் அணிக்கோவை என்ற ஒற்றை மதிப்பு. 'அற்ற' போன்ற பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது, எது எதோடு சேர்கிறது என்பதும் தெரியாது. 'கோவை'யை விட்டுவிட்டு 'பூச்சியமற்ற அணி' என்று சுருக்கினால் பொருளே வேறு. முதல் வரி 1, 2; இரண்டாம் வரி 2, 4 என்ற அணி, எல்லா எண்களும் பூச்சியமான பூச்சிய அணி அல்ல. ஆனால் அதன் அணிக்கோவை 1×4 − 2×2 = 0, அதற்கு நேர்மாறு கிடையாது. இங்கே கோடு போட்டு ஒப்பேற்றாமல், முதன்முறை வரும்போது 'அணிக்கோவை மதிப்பு பூச்சியம் அல்லாத அணி' என்று விரித்து எழுதிவிட்டு, அதன் பிறகு கலைச்சொல்லைப் பயன்படுத்துங்கள்.